மூணு லென்ஸும் மூணு கண்ணாடியும்

ஊர் ஊராய்ப் போய்ப் படமெடுக்கும் பஞ்சநாதத்துக்குக் கேமராவைவிடக் கர்வம் கனம். அவருடைய லென்ஸ் பையைச் சுமந்து வருபவள் மரகதம்.

கடற்கரையில் உச்சிவெயில். படமெடுத்து முடித்து, பக்கத்திலிருந்த பழைய கல்மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். அவரிடம் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வந்த சீடர்கள் எட்டுப் பேர் முன்னால் அவர் மரகதத்தின்மேல் எரிந்து விழுந்தார்.

“இவ்வளவு பெரிய பை எதுக்கு? ஆமை மாதிரி வர்றே!”

“வெயிலுக்கு ஒரு லென்ஸ், இருட்டுக்கு ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணு சார்.”

“எல்லாத்துக்கும் ஒரே லென்ஸை எடுத்துக் கொடு. ஒரு படம் சொதப்பினாலும் நாளைக்கு வேலைக்கு வராதே!”

மரகதம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் கூலிங் கிளாஸ், தலைமேல் பவர் கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் படிக்கிற கண்ணாடி.

“ஆகட்டும் சார். ஒண்ணே தரேன். நீங்களும் இன்னிக்குப் பூரா அந்தக் கூலிங் கிளாஸோடயே இருங்க. மத்த ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும்.”

சீடர்கள் சிரித்துவிட்டார்கள். வீறாப்பு விடுமா? மற்ற இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, கூலிங் கிளாஸோடு விறுவிறுவென்று மண்டபத்துக்குள் நுழைந்தார்.

“யாருய்யா அது, வழியை மறிச்சுக்கிட்டு? தள்ளி நில்லு!”

கல்லாய் நின்ற துவாரபாலகர் நகரவில்லை. அடுத்து, ‘ணங்’கென்று ஒரு சத்தம்.

“மரகதம்! கொண்டா அதை!”

“எதை சார்? கண்ணாடியா, லென்ஸா?”

இருட்டுக்குள்ளிருந்து முனகல் வந்தது. “எல்லாத்தையும்தான்!”