லிம்பானி சொன்ன ஆமென்

மலாவி நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. வெளியூர் டாக்டர்கள் வந்து வந்து போவதை நம்பிப் பயனில்லை, உள்ளூர்ப் பிள்ளைகளையே அறுவை மருத்துவர்களாக்கி ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க வைப்பது என்று அங்கே பிடிவாதமாக இருந்தார்கள். கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலிக்காரரான டாக்டர் ஞானாபரணம். கற்றுக்கொண்டவர்களில் கெட்டிக்காரன் லிம்பானி.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அறுவைக்கு முன் மருத்துவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வார். நோயாளி தன் மொழியில் ஜெபிப்பார், மருத்துவர் ஆமென் சொல்வார். நல்ல வழக்கம்தான். ஆனால் எந்த நல்ல வழக்கத்தையும் நாள்பட நாள்பட வாய் மட்டும் செய்ய ஆரம்பித்துவிடும்.

சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் சிர்வா, ஆணி குத்திச் சீழ் வைத்த காலோடு வந்தார். புண்ணைத் திறந்து சுத்தம் செய்வதாகத்தான் ஏற்பாடு.

"கர்த்தாவே, இந்தக் கால் இவர் கையால போக வேண்டாம்," என்று சிர்வா ஜெபித்தார். லிம்பானியின் நினைப்பு கத்தியிலும் பஞ்சிலும் இருந்தது. பழக்க தோஷத்தில் "ஆமென்" என்றான்.

பிறகு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு, மார்புக்கு மேலே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு அப்பால் சிர்வா ஏதோ ஞானப்பாட்டை முனகிக்கொண்டிருந்தார். இப்பால் புண்ணைத் திறந்தால், கால் செத்துக் கிடந்தது.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துரணும் தம்பி. நாளைக்குன்னு விட்டா ஆளே இருக்க மாட்டாரு," என்றார் டாக்டர். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. சிர்வாவுக்கு அது தெரியாது.

"கால் போகக்கூடாதுன்னு ஜெபிச்சாரு. நீங்க ஆமென் சொன்னீங்க," என்றாள் நர்ஸ் எஸ்னாத்.

லிம்பானி குறுக்கே வந்து நின்றான். "அப்போ அது நான் குடுத்த வாக்கு, ஐயா. நான் எடுக்க மாட்டேன், உங்களையும் எடுக்க விட மாட்டேன். கட்டுப் போடுவோம், நாளைக்குப் பேசிக்கலாம்."

"நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு அவர் உயிரைக் குடுக்கணுமா? தள்ளு," என்று டாக்டர் ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

எஸ்னாத் வெளியே போய் சிர்வாவின் மனைவியிடம் கேட்டு வந்தாள். "கால் போனாப் போகட்டும், ஆள் வேணும்ங்கிறாங்க."

உயிரைக் காக்கத் துணிந்த டாக்டர், வாக்கைக் காக்க நின்ற லிம்பானி, மனைவியின் சம்மதம் வாங்கி வந்த எஸ்னாத். மூவரில் யார் செய்தது சரி? கீழே பார்க்காமல் சொல்லுங்கள், பார்ப்போம்.

விடை: மூவரும் செய்தது தப்பு. கால் சிர்வாவுடையது. அவர் மயங்கிக் கிடக்கவில்லை, பாடிக்கொண்டிருந்தார். ஒரு துணிக்கு அப்பால் விழித்திருந்த மனிதரிடம் ஒருவரும் கேட்கவில்லை. எஸ்னாத் கேட்டது வேறு ஆளிடம். கேட்டால் சிர்வா மாட்டேன் என்றுவிடுவாரோ என்று டாக்டருக்குப் பயம். காதில் வாங்காத ஜெபத்துக்கு ஆமென் சொன்னதை முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று லிம்பானிக்கு வெட்கம். நாளைக்கு என்றது அதனால்தான். கடைசியில் அவனே திரையை இறக்கினான். "நீங்க ஜெபிச்சது என் காதுல ஏறல. கேக்காமலே ஆமென் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. கால் செத்துப்போச்சு. எடுத்தாத்தான் பிழைப்பீங்க. எடுக்கட்டுமா?" சிர்வா அழுதார். அழுது முடித்து, "எடுங்க. ஆனா ரம்பத்தோட நிக்கிற அந்தப் பெரியவர் வேண்டாம், என்னைக் கேட்ட நீங்களே எடுக்கணும்," என்றார். லிம்பானி மறுபடி கை கழுவிக்கொண்டு வந்து, டாக்டரிடமிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டான்.