கைபேசிக்குள் ஒரு காடு

“தியானத்துல வராத அமைதி எனக்கு இதுலதான் வருதும்மா. இது தப்பா?”

நல்லசிவம் தன் கைபேசியை நீட்டினார். பஞ்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். ஐம்பதைத் தாண்டியவர்.

எதிரே அமர்ந்திருந்தவர் அமுதினி அம்மை, அந்த மலையடிவார ஆசிரமத்தின் குரு. வயதில் நல்லசிவத்துக்கு இளையவர்.

“என்ன இது?”

“விளையாட்டும்மா. திரையில ஒவ்வொரு சில்லா, சின்னப் படத்துண்டா வரும். ஒண்ணுல காடு, ஒண்ணுல ஆறு, ஒண்ணுல நாலு வீடு. காட்டுப் பக்கம் காடு, ஆத்தோட ஆறுன்னு பொருத்தி வைக்கணும். அவ்வளவுதான்.”

“எதிரி?”

“கிடையாது.”

“நேரக் கணக்கு?”

“அதுவும் கிடையாது. எவ்வளவு யோசிச்சாலும் காத்திருக்கும். வச்சதும் ‘டொக்’னு ஒரு சத்தம். அதைக் கேட்டா நெஞ்சுப் படபடப்பு அடங்குது.”

“எதுக்குப் படபடப்பு?”

நல்லசிவம் தரையைப் பார்த்தார்.

“வியாழக்கிழமை வடிவுக்கு ஆபரேஷன். இதயத்துல வால்வு மாத்தணுமாம்.”

வடிவு அவர் மனைவி. ஆபரேஷனுக்குமுன் ஒருமுறை அம்மையைப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டு வந்தவள் அவள்தான். வந்த களைப்பில் விருந்தினர் அறையில் படுத்திருந்தாள்.

“டாக்டர் தேதி சொன்னதிலிருந்து வயரைக்கூட மாத்தி மாத்தி இணைக்குதும்மா இந்தக் கை. கரண்ட் கம்பியைப் பிடிச்ச கை. இதை விளையாடுறப்ப மட்டும் தப்பறதில்லை.”

“குடுங்க, நானும் பார்க்கிறேன்.”

அம்மை ஒரு சில்லை வைத்தார். டொக். காட்டோடு காடு சேர்ந்தது.

இன்னொன்று. புல்வெளி கொஞ்சம் அகன்றது. ஆற்றங்கரையில் சிவப்பு ஓட்டு வீடுகள் முளைத்தன.

அம்மையின் தோள்கள் மெல்ல இறங்கின. நெற்றி தெளிந்தது.

நல்லசிவத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்.

“நல்லா இருக்குல்லம்மா?”

“ம்.”

“அப்ப ஆபரேஷன் முடியறவரைக்கும் இதையே விளையாடிக்கிட்டு இருக்கலாமா?”

“ம்.”

எதற்கு அந்த ‘ம்’ என்று அவருக்குப் புரியவில்லை. காத்திருந்தார். அம்மை ஒரு சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படபடப்பு திரும்பி வந்தது. அதோடு, இதுவரை யாரிடமும் சொல்லாததும் வாய்வரை வந்துவிட்டது.

“அம்மா, அவ தூங்கறப்ப மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டே கிடக்கறேன். அவ இல்லாம ஒரு வீட்டை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியலை. என்ன செய்யறதுன்னே தெரியலைம்மா.”

டொக்.

“ம்,” என்றார் அம்மை. இரண்டு ஆறுகள் ஒன்றாகியிருந்தன. அவர் முகத்தில் சின்னச் சிரிப்பு.

நல்லசிவத்தின் குரல் உயர்ந்தது.

“உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பேசறேன். நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கலையே!”

அம்மை நிமிர்ந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் சொன்னது நல்லசிவத்துக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

காலையில் இங்கே வந்த பஸ்ஸில், பக்கத்து இருக்கையிலிருந்து வடிவு, “ஏங்க…” என்று ஆரம்பித்தாள். இவர் “ம்” என்றார். அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்?

நினைவில் இல்லை. அந்த வேளையில் கைபேசியில் ஒரு காடு மூலைவரை அழகாகப் பொருந்திக்கொண்டிருந்தது.

எழுந்தார்.

“போன் வேண்டாமா?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. படியிறங்கும்போது பின்னால் ‘டொக்’ என்று கேட்டது.

வடிவு விழித்துத்தான் இருந்தாள். ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். நல்லசிவம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“காலையில பஸ்ஸுல என்னமோ சொன்னியே, என்ன அது?”

“ஒண்ணுமில்லைங்க.”

“இல்லை, சொல்லு.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“பயமா இருக்கு, ஏதாவது பேசிக்கிட்டே வாங்கன்னேன்.”