மலையணில் எழுதிய விலைச்சீட்டு

மலைக்காட்டில் செவலி என்றொரு மலையணில் இருந்தது. தேன்நெல்லி செய்வதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் யாரும் இல்லை. கொட்டை நீக்கிய நெல்லியை மலைத்தேனில் ஊறப்போட்டு, இருபது நாள் வெயில் காட்டும். ஒவ்வொரு துண்டையும் தினம் இரண்டு முறை திருப்பிப் போடும். பதம் வந்ததும் தேக்கிலையில் பொதியாகக் கட்டும். யானைக்கு இருமல் வந்தாலும் செவலியின் மரத்தடிக்குத்தான் வரும்.

அந்தக் காட்டில் மைனாச் சந்தை நடந்தது. யார் எதை விற்கிறார்கள், என்ன விலை என்று மைனாக்கள் பறந்து பறந்து கூவும். கடலுக்கு அப்பாலும் போய்க் கூவும். வாங்குகிறவர்கள் விலைக்கு உரிய மஞ்சாடி விதைகளை மைனாவிடம் கொடுத்து அனுப்புவார்கள். கூழைக்கடா பொருளை அலகுப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்க்கும்.

ஒருநாள் கடல் நடுவே இருந்த அலையாத்தித் தீவிலிருந்து செவலிக்கு அழைப்பு வந்தது. மாதுளி என்ற புள்ளிமான் சொல்லி அனுப்பியிருந்தது. தீவில் உப்புத் தண்ணீர். புளிப்பான காய்கனி எதுவும் கிடையாது. மான்குட்டிகளின் ஈறுகள் புண்ணாகி ரத்தம் கசிந்தது. புல்லைக்கூட மெல்ல முடியவில்லை. 'பத்து மஞ்சாடி தந்திருக்கிறேன். தேன்நெல்லி சீக்கிரம் வேண்டும்' என்று மைனா ஒப்பித்தது.

கடல் தாண்டி வந்த முதல் அழைப்பு அது. செவலிக்கு வால் நிமிர்ந்துவிட்டது. இருப்பதில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக் கட்டி அன்றே அனுப்பியது.

ஒரு வாரம் கழித்துக் கூழைக்கடா அதே பொதியோடு திரும்பி வந்தது. தேக்கிலை நனைந்து கிழிந்திருந்தது. உள்ளே நெல்லியில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

"என்ன ஆயிற்று அண்ணே?" என்று செவலி கேட்டது.

"தீவுக்கரையில் உடும்பு நிற்கிறார். வெளியிலிருந்து வரும் சரக்குக்குப் பத்தில் ஒன்று சுங்கம். அந்த ஒரு மஞ்சாடியை மான் தர வேண்டும் என்றார். பத்து என்றுதானே பேச்சு, இப்போது பதினொன்றா, ஏமாற்று வேலை என்று சொல்லி மாதுளி போய்விட்டாள். பொதி மூன்று நாள் ஈரத்தில் கிடந்தது. பிறகு என்னிடமே கொடுத்துவிட்டார்கள்."

செவலி பூஞ்சை பிடித்த துண்டுகளைக் கீழே கொட்டியது. நெல்லி கெட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏமாற்று வேலை என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாளே அந்தச் சொல்லையும் மைனாக்கள் காடு முழுக்கக் கூவின.

அப்போது சடையன் என்ற மரநாய் வந்தது. காட்டுக் காப்பிக்கொட்டையைத் தீவுக்கு அனுப்பி வியாபாரம் செய்வது அதுதான்.

"இதற்கா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்? அன்பளிப்புக்குச் சுங்கம் கிடையாது. பொதியின் மேல் 'அன்பளிப்பு, உலர்ந்த சருகு, விலை இல்லை' என்று எழுதிவிடு. உடும்பு பிரித்துக்கூடப் பார்க்காது. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் அனுப்புகிறேன்."

"பிடிபட்டால்?"

"இதுவரை பிடிபட்டேனா?"

சடையன் போனதும் செவலி புதிய பொதி ஒன்றைக் கட்டியது. ஒரு தேக்கிலைத் துண்டை எடுத்து, முள்ளால் 'அன்பளிப்பு' என்று கீறியது. 'உலர்ந்த' என்றும் கீறியது. 'சருகு' என்று எழுதப் போனபோது கை நின்றுவிட்டது.

"இருபது நாள் வெயிலில் உட்கார்ந்து செய்தேன். காக்காய் வராமல் காவல் இருந்தேன். இதைச் சருகு என்று என் கையாலேயே எழுதுவதா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது. சீட்டைக் கிழித்துக் கீழே போட்டது.

மறுநாள் காலையில் அது கூழைக்கடாவிடம் போனது. "அண்ணே, இந்தத் தடவை பொதியோடு என்னையும் கொண்டுபோய் விடுங்கள். அந்தக் கரையில் என்ன வழக்கம் என்று நானே கேட்டுக்கொள்கிறேன்."

மீன் வாடை அடிக்கும் அலகுப் பைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு செவலி கடல் தாண்டியது.

கரையில் உடும்பு ஒரு கல்லின் மேல் அசையாமல் படுத்திருந்தது. செவலி அதன் முன்னால் போய் நின்றது.

"ஐயா, நான் தேன்நெல்லி விற்கிறவள். இங்கே சுங்கம் எப்படி என்று தெரிந்துகொள்ள வந்தேன்."

உடும்பு ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு இன்னொன்றையும் திறந்தது. "சண்டை போட வந்தவர்கள் உண்டு. கெஞ்ச வந்தவர்கள் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள இதுவரை யாரும் வந்ததில்லை. உட்கார் அம்மா."

உடும்பு விளக்கமாகச் சொன்னது. காய்கனிக்குப் பத்தில் ஒன்று. காப்பிக்கொட்டைக்குப் பத்தில் இரண்டு. உறவினர் ஒருவருக்கொருவர் அனுப்பும் அன்பளிப்புக்கு எதுவும் இல்லை. அதைப் பிரித்துப் பார்ப்பதும் மரியாதை இல்லை. சீட்டில் என்ன பொருள், எத்தனை, உண்மையான விலை என்ன என்று மூன்றும் இருக்க வேண்டும். சுங்கத்தை வாங்குகிறவர் கட்டலாம், விற்கிறவரும் முன்கூட்டியே கட்டலாம்.

"வாங்கியதை என்ன செய்கிறீர்கள் ஐயா?"

உடும்பு வாலால் பின்பக்கம் காட்டியது. நூறு நண்டுகள் சேறு சுமந்து ஒரு மேட்டை உயர்த்திக்கொண்டிருந்தன. "கடல் ஒவ்வொரு வருடமும் கரையைத் தின்கிறது. வேலை செய்யும் நண்டுகளுக்குச் சாப்பாடு இதில்தான்."

செவலி ஒரு மஞ்சாடியை எடுத்துச் சுங்கம் கட்டியது. பொதியைத் தூக்கிக்கொண்டு மாதுளியைத் தேடிப் போனது.

மாதுளி செவலியைப் பார்த்ததும் முகம் சுளித்தது. "பத்து என்றீர்கள். கரையில் இன்னொன்று கேட்டார்கள். நீங்கள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாமல் எப்படிக் கடல் தாண்டி விற்றீர்கள்? என் குட்டி மூன்று நாள் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்."

செவலி பொதியை மாதுளியின் முன்னால் வைத்தது. அதுவரை உடும்பின் மேலும் மானின் மேலும் இருந்த கோபம் எல்லாம் அந்த நிமிடத்தில் வடிந்துவிட்டது. "தப்பு என்னுடையது. விசாரித்துவிட்டுத்தான் விற்றிருக்க வேண்டும். நீங்கள் தந்த பத்துக்கு இதோ புதிய பொதி. சுங்கத்தை நான் கட்டிவிட்டேன்."

மான்குட்டி ஒரு துண்டை வாயில் வாங்கியது. புளிப்பில் முகம் கோணியது; காது இரண்டும் ஆடின. பிறகு தேன் இனித்தது போலும், இன்னொன்று கேட்டது.

ஊர் திரும்பியதும் செவலி மைனாக்களைக் கூப்பிட்டது. "இப்படிக் கூவுங்கள். தீவுக்குச் செவலியின் தேன்நெல்லி, பதினொரு மஞ்சாடி. சுங்கம் சேர்த்த விலை. கரையில் யாரும் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்."

மைனாக்கள் அப்படியே கூவின. ஆனால் மூன்றாம் நாள் அவை இன்னொன்றும் கூவின: "சடையனின் தேன்நெல்லி, ஒன்பது மஞ்சாடி."

காப்பிக்கொட்டை விற்ற சடையன் நெல்லியிலும் இறங்கிவிட்டது. வெயில் காட்ட அதற்குப் பொறுமை இல்லை. அரைகுறையாக உலர்த்தி, 'அன்பளிப்பு, உலர்ந்த சருகு, விலை இல்லை' என்று சீட்டு ஒட்டி அனுப்பியது. தீவில் பலர் அதையே வாங்கினார்கள். மாதுளியின் கூட்டம் மட்டும் செவலியை விடவில்லை.

"நீயும் சருகு என்று எழுதினால் ஒன்பதுக்குக் கொடுக்கலாமே," என்று கூழைக்கடா சொல்லிப் பார்த்தது.

"என் நெல்லிக்கு ஒரு பெயர் இருக்கிறது அண்ணே. அதைத்தான் எழுதுவேன்," என்றது செவலி. சீட்டில் ஒவ்வொரு முறையும் ஆழமாகக் கீறியது: தேன்நெல்லி, முப்பது துண்டு, விலை பத்து, சுங்கம் ஒன்று, கட்டியாயிற்று.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் காலையில் கடல் பொங்கத் தொடங்கியது. இரண்டு நாள் மழையால் யாரும் வந்து எடுக்காமல் தீவுக்கரையில் அறுபது பொதிகள் குவிந்து கிடந்தன. அலை ஏறி ஏறி வந்தது. எல்லாவற்றையும் மேட்டுக்குத் தூக்க நேரம் இல்லை.

"சீட்டைப் படியுங்கள். விலை உள்ளதை முதலில் தூக்குங்கள்," என்று உடும்பு கட்டளையிட்டது.

நண்டுகள் ஓடி ஓடிப் படித்தன. செவலியின் எட்டுப் பொதிகளும் முதல் வரிசையிலேயே மேடு ஏறின. அடுத்து மீன் வற்றல், மூங்கில் அரிசி என்று விலை எழுதிய ஒவ்வொன்றும் போனது. 'உலர்ந்த சருகு, விலை இல்லை' என்ற நாற்பது பொதிகளை யாரும் தொடவில்லை. தீவில் சருகுக்கா பஞ்சம்? அடுத்த அலை அவற்றை அள்ளிக்கொண்டு போனது.

கடல் அடங்கியதும் சடையன் கூழைக்கடாவில் ஏறித் தீவுக்கு வந்து, இரைக்க இரைக்க ஓடியது. பொருள் வந்து சேராதவர்கள் எல்லாரும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள்.

"என் நாற்பது பொதி எங்கே? முந்நூற்று அறுபது மஞ்சாடிச் சரக்கு. உங்கள் காவலில்தானே போயிற்று, நீங்கள்தான் தர வேண்டும்," என்று உடும்பிடம் சத்தம் போட்டது.

"விற்ற சரக்கா?" உடும்பு நிதானமாகக் கேட்டது. "சீட்டில் அன்பளிப்பு என்று இருந்ததே. எழுதியது யார்?"

சடையன் இரண்டடி பின்வாங்கியது.

"பொய் எழுதினேன் என்று சொன்னால், இதே சீட்டோடு நீ அனுப்பிய இரண்டு வருடச் சரக்குக்கும் சுங்கம் கட்ட வேண்டும். மெய் எழுதினேன் என்றால், போனது சருகு." உடும்பு கீழே குனிந்து உதிர்ந்து கிடந்த அலையாத்தி மரத்து இலைகளைக் கூட்டி அதன் முன்னால் தள்ளியது. "எண்ணி நாற்பது எடுத்துக்கொள்."

சுற்றி நின்ற நண்டுகள் சிரித்தன. சடையன் வந்த வழியே திரும்பியது.

மழை தீவை ஒரு மாதம் அடைத்துப் போட்டது. அந்த மாதம் முழுக்க, மேட்டில் பத்திரமாக இருந்த எட்டுப் பொதிகளை மான்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. எல்லாக் குட்டிகளும் தலை ஆட்டி ஆட்டிப் புல் மென்றன. ஒன்றின் ஈறிலும் ரத்தம் இல்லை.

வானம் தெளிந்த நாளில் மைனா மலைக்காட்டுக்கு வந்து, எல்லா விலங்கும் கேட்க மாதுளியின் சொல்லை ஒப்பித்தது. "செவலியை ஏமாற்றுக்காரி என்று சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விலையைக் குறைக்க வேண்டாம். அடுத்த மழைக்கு முன் நாற்பது பொதி வேண்டும்."

செவலி கிளையில் நேராக உட்கார்ந்து கேட்டது. மைனா முடித்ததும், "இன்னொரு முறை சொல்லு," என்றது. மைனா இன்னொரு முறை சொன்னது. பிறகு செவலி நெல்லி மரத்தை நோக்கித் தாவியது.

தன் உழைப்பின் விலையை மறைக்காமல் எழுதி, அதற்குரிய வரியையும் நேராகக் கட்டுகிறவரின் பொருளை ஊரே காத்து நிற்கும்.