போன தடவை எப்படியோ, அப்படியே

ஈரோட்டில் ஒரு மாடி அறையில் ஒரு கம்பெனி இருந்தது. வெப்சைட் பிரவுசரில் எத்தனை நொடியில் திறக்கிறது என்று அளந்து சொல்வதும், இழுத்தடித்தால் சரிபண்ணுவதும் அங்கே வேலை. மேனேஜர் சபாபதி. அவருக்குக் கீழே டோமினிக், மாசிலாமணி, பூங்கோதை. இந்த மூன்று பேருக்கும் சேர்த்து மூளை என்று ஒன்று இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

சேலைக்கடை சௌந்தரவல்லி அம்மாள்தான் இருந்த ஒரே வாடிக்கையாளர். ஆடிக்கு முன்னால் சோதித்துக் காட்டியபோது அவர் வெப்சைட் இரண்டே நொடியில் திறந்தது. அசந்துபோய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இப்போது ஒன்பது நொடி. "நாலு மணிக்கு வர்றேன். பழைய வேகம் இல்லேன்னா ஒப்பந்தத்தைக் கிழிச்சிருவேன்" என்று போனில் கத்திவிட்டார்.

சபாபதி மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அந்த அம்மாளும் போய்விட்டால் கம்பெனிக்குப் பூட்டுத்தான்.

"சோதிக்கிற டூல் தானா அப்டேட் ஆயிருக்கும்பா. அது பிரவுசரை நம்பி இருக்குது. பிரவுசர் இன்னொண்ணை நம்பி இருக்குது. எல்லாம் போன தடவை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். ஒண்ணுகூட மாறக்கூடாது. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. வினையே அதுதான்.

டூலைப் பழைய வெர்ஷனுக்கு மாற்றினார்கள். பிரவுசரையும் மாற்றினார்கள். அதே ஒன்பது நொடி.

"பிரவுசர் கம்ப்யூட்டரை நம்பி இருக்குது," என்றான் டோமினிக்.

"கம்ப்யூட்டர் மேசையை நம்பி இருக்குது," என்றான் மாசிலாமணி.

"எல்லாமே நம்மளை நம்பித்தான் இருக்குது," என்றாள் பூங்கோதை. "அய்யோ, நாம மாறிட்டோமே!"

போன தடவை மாசிலாமணிக்கு மீசை இல்லை. கீழே சலூனுக்கு ஓடி வழித்துக்கொண்டு வந்தான். போன தடவை ஏசி ரிப்பேர். டோமினிக் ஒயரைப் பிடுங்கினான். போன தடவை பூங்கோதைக்கும் மாமியாருக்கும் சண்டை. உடனே போனைப் போட்டு, "அத்தை, உங்க சாம்பார் வாயில வைக்க முடியல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

எட்டரை நொடி.

"மாமியார் வேலை செய்யுதுடா!" என்று துள்ளினான் டோமினிக். பிறகு சபாபதியை ஏற இறங்கப் பார்த்தான். "சார், போன தடவை நீங்க பல்லு பிடுங்கப் போயிருந்தீங்க."

மரியாதையாக அவரை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்கள். அவர் கதவை இடித்துக்கொண்டே இருந்தார்.

நாலு மணிக்கு வந்த அம்மாளை மட்டும் உள்ளே விட்டார்கள். போன தடவை அவர் இருந்தார் அல்லவா? வேர்த்துக் கொட்ட உட்கார்ந்து பார்த்தார். எட்டரை நொடி.

"சீ! நீங்களும் உங்க சோதனையும்!" ஒப்பந்தத்தை எடுத்துச் சரக்கென்று கிழித்துப் போட்டார்.

மூன்று முகமும் மலர்ந்தது.

"அட ஆமா! போன தடவை ஒப்பந்தமே இல்லியே!" என்றாள் பூங்கோதை.

மறுபடி சோதித்தார்கள். இரண்டே நொடி! ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அம்மாள் வாயைப் பிளந்தார். "இதைத்தானப்பா கேட்டேன்! பேனா எங்கே? புதுசா ஒரு கையெழுத்துப் போட்டுடறேன்."

மாசிலாமணி பாய்ந்து மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து ஜன்னல் வழியே வீசினான்.

"வேண்டாம்மா! நீங்க கையெழுத்துப் போட்டா மறுபடியும் வெர்ஷன் மாறிடும்!"