சிறையை உடைத்த கரிசல் மண்

கருங்குடி ராஜா செண்பகவேலருக்குக் கோபம் வந்தால் ஊரில் காக்கைகூடக் கத்தாது. அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? மேலத்தெருவில் புதிதாகப் போட்ட நடைபாதையில் ராஜநடை நடந்து வந்தவர், தூக்கிக்கொண்டு நின்ற ஒரு விரிசலில் கால் இடறி, ஊரே பார்க்கக் குப்புற விழுந்தார். கால் கட்டைவிரல் நகம் போச்சு. கிரீடம் உருண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. அந்த வீட்டம்மா அதை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாளாம். சிரிப்பை அடக்கப் பாவம் அவள் பட்ட பாடு!

கருங்குடி முழுக்கக் கரிசல் மண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். "வாசலில் கால் வைக்க முடியவில்லை" என்று ஜனங்கள் முறையிட, ராஜாதான் வீட்டோரமாகச் சுண்ணாம்புக் காரையில் நடைபாதை போடச் சொன்னார். போட்டவன் சங்கிலிக் கொத்தன். மேற்பார்வை பார்த்தவர் அரண்மனை அதிகாரி தாண்டவராயர். ஆவணியில் போட்ட பாதை, ஐப்பசி மழை முடிவதற்குள் மேடும் பள்ளமுமாய் வெடித்துவிட்டது.

சபை கூடியது.

"யார் காரணம்?" என்றார் ராஜா, காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு.

தாண்டவராயர் முந்திக்கொண்டார். "இந்தச் சங்கிலிதான் மகாராஜா! சுண்ணாம்பைத் திருடியிருக்கிறான். இல்லாவிட்டால் காரை ஏன் வெடிக்கிறது?"

"எனக்கு நகம் போச்சு. இவனுக்கு விரலே போகட்டும்! வலது கைக் கட்டைவிரலை வெட்டுங்கள்!"

சங்கிலி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். கட்டைவிரல் போனால் கொத்தனுக்குக் கரண்டி ஏது? கரண்டி போனால் வீட்டில் நாலு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஏது?

அப்போது எழுந்தார் பேச்சியப்பர். சபையில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சிக்கல் வந்தால் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"மகாராஜா, நிஜக் குற்றவாளி வெளியே சுகமாகப் படுத்துக் கிடக்கிறான். அவனை விட்டுவிட்டால் அடுத்த மழைக்கும் உங்களைத் தள்ளிவிடுவான்."

"யாரவன்?"

"காரைக்கு அடியில் கிடக்கிற கரிசல் மண்."

சபை கொல்லென்று சிரித்தது. பேச்சியப்பர் சிரிக்கவில்லை. "மூன்று நாள் அதைச் சிறையில் வையுங்கள் மகாராஜா. யோக்கியமாக இருந்தால், சங்கிலி விரலோடு என் விரலையும் வெட்டிக்கொள்ளுங்கள்."

தாண்டவராயருக்கு வாயெல்லாம் பல். ஒரே கத்தியில் இரண்டு விரல், கசக்குமா? "சிறைக்கு நானே பொறுப்பு!" என்று குதித்தார். அரண்மனையிலேயே தடித்த பானையாகத் தேடி எடுத்தார். கூரைக்கு அடியில் மழை படாமல் கிடந்த காய்ந்த கரிசலைத் தூளாக்கிக் கொண்டுவந்தார்கள்.

"நெருக்கி அடையுங்கள் ஐயா. இண்டு இடுக்கு இருந்தால் தப்பிவிடும்," என்றார் பேச்சியப்பர்.

தாண்டவராயர் உலக்கையை எடுத்து, வேர்க்க விறுவிறுக்க, தானே இடித்து அடைத்தார். மேலே பலகை, சுற்றிலும் கயிறு, முடிச்சில் ராஜமுத்திரை. பலகையில் ஒரே ஒரு துளை.

"அது எதற்கு?"

"கைதியானாலும் தண்ணீர் கொடுக்காமல் வைப்பது நம் சமஸ்தானத்து வழக்கமா ஐயா? நாளொன்றுக்கு ஒரு செம்பு ஊற்றுங்கள்."

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. "எந்தக் கை விரல் பேச்சியப்பரே?" என்று விசாரித்தார் தாண்டவராயர். இரண்டாம் நாளும் பானை கம்மென்று இருந்தது. நிஜத்தைச் சொன்னால், பேச்சியப்பரே ராத்திரி எழுந்து வந்து பானையில் காதை வைத்துப் பார்த்தார்.

மூன்றாம் நாள் சபை நடுவே பானை. பக்கத்தில் கத்தியோடு ஒரு சேவகன். "பாருங்கள் மகாராஜா, எவ்வளவு சாதுவான கைதி!" என்று தாண்டவராயர் பானையைத் தட்டப் போனார்.

டப்!

மேலிருந்து கீழ்வரை பானை பிளந்தது. ஊறிப் பருத்த கரிசல் பிதுங்கிக்கொண்டு வந்தது.

"பிடியுங்கள்! கைதி தப்புகிறான்!" என்று கத்தினார் பேச்சியப்பர். ஒரு காவலாள் நிஜமாகவே ஈட்டியை நீட்டிவிட்டான். ராஜா சிரித்த சிரிப்பில் கால் தலையணையிலிருந்து நழுவியது.

"தண்ணீர் குடித்தால் வீங்குவான், காய்ந்தால் சுருங்குவான். அவன் முதுகிலேயே காரையைப் போட்டால் வெடிக்காமல் என்ன செய்யும் மகாராஜா?"

ராஜா சங்கிலியிடம் திரும்பினார். "இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சாமி! ஒன்றரை முழம் தோண்டி எடுத்துட்டு, சரளையைக் கொட்டித் திமிசுக்கட்டையால இடிச்சு இறுக்கணும், மழைத்தண்ணி நிக்காம வாட்டம் வைக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அதிகாரி ஐயாதான், மகாராஜா பொறந்தநாளுக்குள்ள முடியணும், மண்ணு மேலயே போடுன்னுட்டாரு."

"அன்றைக்கே சபையில் ஏன் சொல்லவில்லை?"

"ஐயா பக்கத்துலயே நின்னாரே சாமி!"

ராஜா தீர்ப்புச் சொன்னார். "சங்கிலியை விடுங்கள், அவன் விரல் அவனுக்கே. கரிசலை ஒன்றரை முழ ஆழத்துக்கு நாடு கடத்துங்கள். கைதியைச் சிறையில் அடைத்த தாண்டவராயரே கூட்டிக்கொண்டும் போகட்டும், கூடையில், தலையில் வைத்து!"

மேலத்தெருவுக்கு அந்த ஒரு மாதம் திருவிழாதான். தோண்டி, சரளை இறுக்கி, வாட்டம் பார்த்து, சங்கிலி புதுக்காரை போட்டான். ஈர வைக்கோல் போட்டுப் பிள்ளையைப் போலக் காத்தான். ஆனால் போடும்போதே நாலு முழத்துக்கு ஒரு கோடாக ஆழக் கீறிக்கொண்டே போனான். பார்க்க வந்த ராஜா பதறிவிட்டார்.

"அடப்பாவி, புதுப்பாதையை நீயே வெட்டுகிறாயே!"

பேச்சியப்பர் சொன்னார்: "காய்கிறபோது காரை எப்படியும் கொஞ்சம் விரிசல் விடும் மகாராஜா. இஷ்டத்துக்கு விட்டால்தான் ஆபத்து. இவன் முன்கூட்டியே இடம் காட்டிவிடுகிறான். விரிசல் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒழுங்காக அடங்கிக்கொள்ளும்."

ராஜா கோட்டைப் பார்த்தார். பின்னால், அவர் பக்கத்தில் இடம் பிடிக்க முட்டி மோதிக்கொண்டு நின்ற தம் மந்திரிகளைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"சங்கிலி, இனி அரண்மனை வேலைக்கெல்லாம் நீதான் மேற்பார்வை. முதல் வேலை சபை மண்டபத்தில். என் மந்திரிகளுக்கும் நாலு முழத்துக்கு ஒரு கோடு போடு!"