பொட்டு அழியாத பட்டன்

நாச்சிமுத்துதான் வயசுல பெரியவரு. ஆனா குரு பிலோமினா மேடம்தான்.

பொள்ளாச்சியில மார்க்கெட்டுக்கு எதிர்த்தாப்புல, மாடியில ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. கடை மேடத்தோடது. அவங்களுக்கு முப்பது தாண்டியிருக்கும். வேல கத்துக்க வந்த நாச்சிமுத்துவுக்கு அம்பது நெருங்குது. அவரு "மேடம்"பாரு, அவங்க "அண்ணா"ம்பாங்க. அவரு தப்பு பண்ணினாலும் "அண்ணா"தான். அவங்க திட்டியிருந்தாக்கூட அவருக்குத் தேவல.

ஒரு நாள் காலைல டீ வந்தப்ப நாச்சிமுத்து கேட்டாரு.

"ஏனுங் மேடம், என்னைய எப்ப தனியா ஒரு கடைக்கு விடுவீங்க?"

மேடம் டீயக் குடிச்சாங்க. மூலையில இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியக் காட்டினாங்க.

"சரோஜினியக்கா ப்ளவுஸ் கடைக்கு ஒரு பேக்கப் சர்வர் வேணுமாம். இத ரெடி பண்ணிக் கொண்டு போய் போட்டுக் குடுங்கண்ணா. அப்புறம் பேசலாம்."

சரோஜினியக்கா கடை தெரியுமில்ல? அங்க யாரும் அளவு ப்ளவுஸ் கொண்டு போக வேண்டியதில்ல! எல்லா அளவும் கம்ப்யூட்டர்ல இருக்கு. கழுத்து எவ்வளவு எறக்கம், கை எவ்வளவு நீளம், கொக்கி முன்னாலயா பின்னாலயா, அத்தனையும். துணிக்கட்டுல ஒரு டோக்கன் நம்பர் மட்டும் குத்தியிருக்கும். நம்பரத் தட்டினா ஆள் பேரு வந்துரும். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு ஆச்சுன்னா கட்டு இருக்கும், நம்பர் இருக்கும், யாரோட துணின்னு மட்டும் தெரியாது. அதுக்குத்தான் பேக்கப்.

நாச்சிமுத்து ஆசை ஆசையா வேல செஞ்சாரு. புது டிஸ்க் ரெண்டு மாட்டினாரு. துணி வெட்டுற மேசைக்குக் கீழ பெட்டிய வச்சாரு. கடை சாத்துற நேரத்துல அதுவா எல்லாத்தையும் காப்பி எடுத்துக்குற மாதிரி பண்ணினாரு.

"இதுக்கு ஸ்க்ரீன் இல்லீங்களா?"ன்னு கேட்டாங்க சரோஜினியக்கா.

"இதுக்கு எதுக்குங்க்கா ஸ்க்ரீன்? இது பேசாம வேல செய்யும்."

"எங்க வீட்டுக்காரரு மாதிரியா?"

"அண்ணன் அவ்வளவு வேல செய்வாருங்களா?"

"பேசாம இருப்பாரு."

தையல் மிஷின்ல இருந்த பொண்ணுங்கெல்லாம் சிரிச்சுதுங்க.

திரும்பி வந்து மேடத்துகிட்டச் சொன்னாரு. "முடிஞ்சுதுங் மேடம்."

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்."

"ம்"ன்னாங்க மேடம். அவ்வளவுதான்.

மறுநாள்ல இருந்து தினமும் காலைல டீயோட சேத்து ஒரு கேள்வி வரும்.

"சரோஜினியக்கா கடை எப்படிங்கண்ணா இருக்கு?"

மொதல்ல கொஞ்ச நாள் நாச்சிமுத்து வண்டிய எடுத்துட்டுப் போய், பாத்துட்டு வந்து சொன்னாரு. அப்புறம் ஒக்காந்த எடத்துல இருந்தே சொன்னாரு. அதுக்கும் அப்புறம் மேடம் கேட்டு முடிக்கறதுக்குள்ளயே சொன்னாரு.

"சூப்பரா இருக்குங் மேடம்."

ஆயுத பூஜை வந்துச்சு. சரோஜினியக்கா கூப்பிட்டிருந்தாங்க, நாச்சிமுத்து போனாரு. மிஷின், கத்திரி, இஸ்திரிப்பெட்டி எல்லாத்தையும் தொடச்சு வரிசையா வச்சிருந்தாங்க. அன்னிக்கு எதையும் ஓட்டக் கூடாதில்ல? கம்ப்யூட்டர நிறுத்துனாங்க. பேக்கப் பெட்டிய நாச்சிமுத்தே நிறுத்துனாரு. அவரு கையாலயே சந்தனத்தக் கொழச்சு, பெட்டி நெத்தியில இருக்கற பட்டன் மேல வட்டமா வச்சு, நடுவுல குங்குமம் வச்சாரு. ஒரு முழம் செவ்வந்தி சுத்தினாரு. பெட்டி அவ்வளவு அழகா இருந்துச்சு!

பொரி வாங்கிட்டுக் கெளம்பறப்ப சரோஜினியக்கா கேட்டாங்க.

"நாளைக்கு மிஷின் எல்லாம் நாங்க போட்டுக்குவோம். இந்தப் பெட்டிய?"

"அத நீங்க தொடாதீங்க்கா. நா பாத்துக்கறேன்."

மறுநாள் அவரு குடும்பத்தோட ஆனைமலைக் கோயிலுக்குப் போயிட்டாரு. அதுக்கு அடுத்த நாள் மேடம் டீயோட கேட்டாங்க. "சரோஜினியக்கா கடை எப்படிங்கண்ணா இருக்கு?"

"சூப்பரா இருக்குங் மேடம்."

தீவாளி நெருங்கிருச்சு. ஒரு நாள் சரோஜினியக்கா போன் பண்ணினாங்க. கம்ப்யூட்டர் தொறக்கவே மாட்டேங்குது, உள்ள கடகடன்னு சத்தம் வருதுன்னாங்க.

நாச்சிமுத்து போய்ப் பாத்தாரு. டிஸ்க் போயிருச்சு. முழுசா.

"அய்யோ! தீவாளித் துணிங்க நாச்சிமுத்து!" அலமாரி பூரா துணிக்கட்டு. தரையிலயும் கட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர்.

"எதுக்குங்க்கா பயப்படறீங்க? நா எதுக்கு இருக்கேன்?"

சிரிச்சுக்கிட்டேதான் மேசைக்குக் கீழ குனிஞ்சாரு.

செவ்வந்தி காஞ்சு நாராத் தொங்குச்சு. பட்டன் மேல சந்தனம் காஞ்சு வெடிச்சிருந்துச்சு. நடுவுல குங்குமப் பொட்டு வச்சது வச்ச மாதிரியே இருந்துச்சு. கொஞ்சங்கூட அழியல.

நாச்சிமுத்து விரல வச்சு பட்டன அமுக்கினாரு.

பெட்டி நல்லாவே ஓடுச்சு! பழைய அளவெல்லாம் இருந்துச்சு, பூஜைக்கு மொத நாள் வரைக்கும். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. தீவாளித் துணியெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்.

"என்னாச்சு, வந்துருச்சா?"

"கரண்ட்டு ஏறி எறங்கியிருக்கும் போலங்க்கா. பெட்டி எப்பவோ நின்னுருக்கு."

"நம்ம வீதியில கரண்ட்டே போகலையே."

"சில சமயம் நமக்குத் தெரியாதுங்க்கா."

சரோஜினியக்கா அப்படியே ஸ்டூல்ல ஒக்காந்துட்டாங்க.

நாச்சிமுத்து மாடியேறி வந்து மேடத்துகிட்டயும் அதையேதான் சொன்னாரு. "கரண்ட்டு ஏறி எறங்கிருச்சுங் மேடம். நம்ம கையில என்ன இருக்கு?"

கையில என்ன இருக்குன்னு சொல்றப்ப கைய விரிச்சுக் காட்டினாரு.

மேடம் கையத்தான் பாத்தாங்க. ஆள்காட்டி விரல் நுனியில செவப்பா குங்குமம் ஒட்டியிருந்துச்சு.

அவரும் பாத்தாரு. கைய மடக்கிக்கிட்டாரு.

"கை கழுவிட்டு வாங்கண்ணா. அக்கா கடைக்குப் போலாம்."

வழியில மேடம் ஒரு கடையில நின்னாங்க. ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கினாங்க. கடைக்குப் போனதும் அத நாச்சிமுத்து முன்னால விரிச்சாங்க.

"பூஜைக்கு அப்புறம் துணி குடுத்தவங்க எல்லாரும் திரும்ப வந்து, அவங்க கட்ட அடையாளம் காட்டி, அளவும் குடுக்கணும். வாசல்ல ஒட்டணும். எழுதுங்கண்ணா."

நாச்சிமுத்து எழுதினாரு. 'தவிர்க்க முடியாத காரணங்களால்...'

"தவிர்த்திருக்கவே முடியாதுங்களாண்ணா?"

மேடம் நெசமாவே கேக்கற மாதிரிதான் கேட்டாங்க. நாச்சிமுத்து பேப்பரத் திருப்பிப் போட்டாரு. 'கம்ப்யூட்டர் கோளாறு காரணமாக உங்கள் அளவுகள்...'

"எந்தக் கம்ப்யூட்டருங்கண்ணா? பெட்டி நல்லாத்தான ஓடுது."

ரெண்டு பக்கமும் தீந்து போச்சு. மேடமே வெளிய போய் இன்னொரு சார்ட் வாங்கிட்டு வந்தாங்க. அதுவரைக்கும் நாச்சிமுத்து தலையத் தூக்கல. தையல் மிஷின் ஒண்ணுகூட ஓடல. எல்லாப் பொண்ணுங்களும் பாத்துக்கிட்டு இருந்துதுங்க.

மூணாவது தடவ எழுதினாரு. 'பூஜைக்கு நிறுத்தின பேக்கப் பெட்டியைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். உங்கள் அளவு தொலைந்துவிட்டது. தயவு செய்து திரும்ப வந்து அளவு கொடுங்கள். நாச்சிமுத்து.'

சரோஜினியக்கா பின்னால நின்னு படிச்சாங்க.

"அப்ப கரண்ட்டு இல்லீங்களா?"

"இல்லீங்க்கா."

"நா கேட்டேனே. தொடாதீங்கன்னீங்களே."

சரோஜினியக்கா திரும்பிப் போய் டேப்ப எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டாங்க.

மேடம் பேனாவ வாங்கினாங்க. நாச்சிமுத்து பேருக்குக் கீழ இன்னொரு வரி எழுதினாங்க. 'ஒரு தடவைகூட நேரில் வந்து பார்க்காதது என் தப்பு. பிலோமினா.'

"நீங்க எதுக்குங் மேடம்..."

"ஒட்டுங்கண்ணா."

அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. தன் பேரு அங்க இருந்தத அவரு தாங்கிக்கிட்டாரு. அதுக்குக் கீழ அவங்க பேரு இருந்ததத்தான் தாங்க முடியல.

தீவாளி வரைக்கும் நாச்சிமுத்து அந்த வாசல்லதான் நின்னாரு. வர்றவங்கள உக்கார வைக்கணும், கட்ட எடுத்துக் காட்டணும், பேரு எழுதி ஒட்டணும். பொம்பளைங்க சும்மா விடுவாங்களா?

"யாரு இங்க நாச்சிமுத்து?"

"நான்தானுங்."

"பொட்டு வைக்கத் தெரிஞ்ச கைக்கு சுச்சு போடத் தெரியலையா?"

"தப்புதானுங்."

இன்னொரு அம்மா கட்டுகளக் கெளறிக்கிட்டே கேட்டாங்க. "என் பொடவ நீலம். மயில் கழுத்து நீலம். எங்க?"

நாச்சிமுத்து ஒரு நீலத்த எடுத்துக் குடுத்தாரு.

"இது மயில் கழுத்தா? இதப் பாத்தா மயிலே அழும்! தள்ளுய்யா, நானே தேடிக்கறேன்."

ஒருத்தங்க துணியத் திருப்பி வாங்கிட்டு எதிர்க் கடைக்கே போயிட்டாங்க. அதையும் நாச்சிமுத்துதான் கவர்ல போட்டுக் குடுத்தாரு. சரோஜினியக்கா உள்ள இருந்து பாத்தாங்க.

திட்டு வாங்க வாங்க அவருக்குக் கொஞ்சம் லேசாத்தான் இருந்துச்சு.

அப்ப ஒரு அம்மா வந்தாங்க. நோட்டீஸ மெதுவாப் படிச்சாங்க. பொண்ணுக்குத் தல தீவாளி. பட்டு ப்ளவுஸ் குடுத்திருந்தாங்க.

"பொண்ணு வந்தா போதுங்ம்மா. அளவு எடுத்ததும் உடனே தெச்சுக் குடுத்தர்றோம்."

"அவ அளவு குடுத்துட்டு அன்னிக்கே பெங்களூர் போயிட்டாளே சாமி. தீவாளி அன்னிக்குக் காலைலதான் மாப்பிள்ளையும் அவளும் வந்து எறங்கறாங்க."

"பழைய ப்ளவுஸ் எதாச்சும்..."

"இங்க இருக்கறதெல்லாம் கல்யாணத்துக்கு முன்ன தெச்சது. எதுவும் இப்பச் சேராது. அதனாலதான் புதுசா அளவு குடுத்தா."

அந்தம்மா கட்டுல இருந்து பட்டுத்துணிய அடையாளம் பாத்து எடுத்தாங்க. மடிச்சு முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

"பரவால்ல. வேற எதாச்சும் கட்டிக்குவா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

போயிட்டாங்க. ஒரு வார்த்த திட்டல.

நாச்சிமுத்து அன்னிக்கு மத்தியானம் சாப்பிடல. சரோஜினியக்கா டிபன் பாக்ஸத் தள்ளி வச்சாங்க. "சாப்பிடுங்க. நின்னு நின்னு நீங்க விழுந்தா அதையும் நாந்தான் பாக்கணும்." அப்பவும் அவரால முடியல.

தீவாளி முடிஞ்சுச்சு. முக்காவாசிப் பேருக்கு ப்ளவுஸ் போச்சு. மீதிப் பேரு இனி அந்தக் கடைக்கு வருவாங்களான்னு சரோஜினியக்காவுக்கே தெரியாது.

கடைக் கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் மாட்ட வந்தப்ப நாச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டாரு. "பெட்டிய எடுத்துட்டுப் போயிரட்டுங்களா க்கா?"

"இருக்கட்டும். ஆனா தொடாதீங்கன்னு மட்டும் இனி சொல்லாதீங்க."

சுச்சு எங்க இருக்குன்னு, எந்த லைட்டு எரியணும்னு கடையில இருந்த எல்லாப் பொண்ணுங்களுக்கும் காட்டிக் குடுத்தாரு. பேக்கப்ல இருந்து ஒரு ப்ளவுஸ் அளவ எடுத்து, சரோஜினியக்காவப் படிக்கச் சொல்லி, சரியான்னு கேட்டாரு. பட்டன் மேல இருந்த சந்தனத்த ஒரு பொண்ணு ஈரத்துணியால தொடைக்கப் போச்சு.

"அது இருக்கட்டும்மா"ன்னாரு. அவரு விரல் பட்டு அழிஞ்ச பொட்டு அப்படியே இருந்துச்சு.

மறுநாள் காலைல மாடிக்கு டீ வந்துச்சு.

"சரோஜினியக்கா கடை எப்படிங்கண்ணா இருக்கு?"

"சூப்..."

நாச்சிமுத்து வாய மூடிக்கிட்டாரு. டீயக் கீழ வச்சாரு.

"தெரியலைங் மேடம். இன்னிக்கு இன்னும் பாக்கல. பாத்துட்டு வந்து சொல்றேன்."

வண்டிச் சாவிய எடுத்துக்கிட்டு படி வரைக்கும் போனாரு. நின்னாரு. திரும்பாமலே கேட்டாரு.

"மேடம், பெட்டி ஓடலைன்னு தெரிஞ்சேதான் அப்பவும் தினமும் கேட்டீங்களா?"

"இல்லீங்கண்ணா. தெரியாமத்தான் கேட்டேன். நீங்க பாத்துட்டுச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."