கட் சொல்ல மறந்த ஷாட்

ஆவுடையப்பன் எடுத்த பேய்ப் படத்தைப் பார்த்து இருபது பேர் சிரித்தார்கள்.

எடிட்டர் பாக்கியசீலியிடம் ஒன்பது வருஷம் உதவியாளராகக் கிடந்தவன் அவன். நாற்பத்தெட்டு வயதில் கிடைத்த முதல் படம். கிடைத்தது என்று சொல்லக் கூடாது. தயாரிப்பாளர் லிங்கராஜோடு மூன்று மாதம் மல்லுக்கு நின்று வாங்கியது.

கதை இதுதான். ஆறு வயது மகள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போகிறாள். தாயும் தகப்பனும் அந்த வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்கிறார்கள். ஒரு மத்தியானம் பிள்ளை நனைந்த தலையோடு அடுப்படியில் வந்து நிற்கிறது. தாய் பார்க்கிறாள். வீடே அதிர அலறிக்கொண்டு ஓடுகிறாள்.

வெளியிடுமுன் இருபது பேருக்குப் போட்டுக் காட்டியபோது சிரிப்பு வந்தது அந்த அலறலுக்குத்தான்.

லிங்கராஜ் சத்தம் போடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் காட்சி பயமுறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்து, இரண்டு காமெடி நடிகர்களைச் சேர்த்து முடித்துக்கொள்கிறேன், டைட்டிலில் உன் பெயர் இருக்காது என்றார்.

ஆவுடையப்பன் நேரே சாலிகிராமத்துக்கு, பாக்கியசீலியின் எடிட்டிங் அறைக்குப் போனான். அவர் அவனைவிடப் பத்து வயது இளையவர். அவன் மேடம் என்பான், அவர் அண்ணே என்பார். ஆனால் தொழில் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

இன்னும் நாலு மேளம் சேர்க்கலாமா, பிள்ளையின் கண்ணை வெள்ளையாக்கலாமா என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான்.

கடைசியில் அவன் கேட்டான். "ஜனத்தை எப்படித்தான் மேடம் பயமுறுத்துறது?"

"அந்தச் சீன்ல என்.ஜி. ஏதும் இருக்காண்ணே?"

என்.ஜி. என்றால் உதவாது என்று ஒதுக்கிய ஷாட். ஒன்று இருந்தது. காட்டத்தான் வெட்கம். அன்றைக்குப் பிள்ளை முகத்தில் மாவை அப்பியதுபோல் பவுடர் போட்டிருந்த மேக்கப்காரரோடு சண்டை. ஷாட் முடிந்ததும் பாய்ந்தவன், கோபத்தில் கட் சொல்ல மறந்துவிட்டான். அவன் சொல்லாமல் கேமராவை நிறுத்த அங்கே யாருக்கும் தைரியமில்லை. அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

பாக்கியசீலி அதைப் போட்டார். முதலில் வந்தது அவன் குரல்தான். மேக்கப்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க குரலைக் கேக்காதீங்க. அந்தம்மா கையைப் பாருங்க," என்று அவர் ஒலியை அணைத்தார்.

அலறி ஓடிய நடிகை திரும்பி வந்திருந்தாள். தலையில் ஊற்றிய தண்ணீரில் பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்து அதன் தலையைத் துவட்டினாள். காதுக்குப் பின்னால், பிடரியில், நிதானமாக. பிள்ளை அவள் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. யாரோ கூப்பிட, ஓடிவிட்டது. அவள் தனியாக நின்று முந்தானையைப் பிழிந்தாள். தரையில் தண்ணீர் கொட்டியது.

பாக்கியசீலி அலறலை வெட்டி எறிந்தார். அந்த இடத்தில் துவட்டுவதை வைத்தார். பிள்ளை ஓடுமுன் அதை நிறுத்தி, வாசற்படியில் நின்று தகப்பன் பார்க்கும் ஷாட்டைச் சேர்த்தார். அதற்கடுத்து அடுப்படி. பிள்ளை இல்லை. தாய் மட்டும் முந்தானையைப் பிழிந்துகொண்டிருக்கிறாள்.

"மியூசிக்?"

"வேணாம்."

"அவ பயப்படவே இல்லையே மேடம்."

"வெள்ளிக்கிழமை பாப்போம்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதே இருபது பேரை லிங்கராஜ் கூட்டி வந்தார். போன தடவை அதிகம் சிரித்தவரை வேண்டுமென்றே முன்வரிசையில் உட்காரவைத்தார்.

பிள்ளை அடுப்படியில் வந்து நின்றது. முன்வரிசை ஆள் சிரிப்புக்குத் தயாரானார். தாய் முந்தானையை எடுத்தாள். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. தரையில் தண்ணீர் விழுந்தபோது அந்தத் தடியான மனிதர் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு பெண் மெல்ல, "வேண்டாம்மா, விட்டுடு," என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினாள்.

படம் முடிந்தும் ஒருவரும் எழவில்லை. முதலில் ஒருவர் கைதட்டினார். அப்புறம் இருபது பேரும் தட்டினார்கள். படம் ஓட்டும் ஆபரேட்டர்கூட வெளியே வந்து தட்டினார்.

லிங்கராஜ் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிரமாதம், ஆனால் அந்த அலறலையும் ஓரமாக எங்காவது சேர்த்துவிடு, டிரெய்லருக்கு ஆகும் என்றார்.

போன வாரமாக இருந்தால் ஆவுடையப்பன் கத்தியிருப்பான்.

"ஒரு பிரேம்கூட கிடையாது சார்," என்றான்.

லிங்கராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சரி, டைட்டிலில் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் பாக்கியசீலி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் ஓடிப்போய் ஸ்கூட்டருக்கு முன்னால் நின்றான்.

"மேடம், அவ அலறி ஓடினப்ப சிரிச்சாங்க. இப்ப அவ பயப்படவே இல்லை, இருபது பேரும் வெலவெலத்துப்போயிட்டாங்க. எப்படி?"

"அவ ஓடினா நாமளும் கூடவே எந்திரிச்சு ஓடிடலாம்ணே. அவ துவட்டிக்கிட்டுல்ல நிக்கிறா. விட்டுட்டு எப்படி எந்திரிக்கிறது?"